வால் இங்கே, வாள் அங்கே

நீரோடிச் சாலை முடியும் இடத்தில்
பொழியூர்ச் சாலை தொடங்குகிறது.
நடுவில் ஓர் எல்லைக்கல்,
அதன்மேல் யாரோ காயப்போட்ட பனியன்.
அங்கேதான் வரைந்தேன்,
ஒரு பெட்டி சாக்பீஸ் தீரும்வரை.

பெர்லின் எட்டு வைத்து அளந்தாள். பத்து.
"எங்க வள்ளத்துல பாதி வருமே!"
வரும்.
வால் தமிழ்நாட்டில்,
வயிறு கல்லுக்கு நேராக,
வாள் கேரளத்தில்.

பெயர் வேளா என்றேன்.
வாளுஸ்ராவு என்றான் அந்தப் பக்கத்து அபின்.
இரண்டும் சரி, ஆனால் இது சுறாவே இல்லை,
திருக்கைக்குச் சொந்தம்.
செவுள் அடியில், வாயும் அடியில்,
மேலிருந்து வரைந்ததால் காட்ட முடியவில்லை என்றேன்.
டெல்ஃபின் ரோட்டில் குப்புறப் படுத்து
கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தான்.
"தெரியுது மிஸ். வாய் மூடியிருக்கு."

பதினெட்டுப் பிள்ளைகள்,
ஆளுக்கு இரண்டு பல் வரையக் கொடுத்தேன்.
ஷாபின் மூன்று போட்டான்,
எல்லோரும் கத்தியதும்
ஒன்றை உள்ளங்கையால் அழித்தான்.
மெல்லுவதற்கு இல்லை இந்தப் பல்.
கலங்கல் தண்ணீரில் கண் என்ன செய்யும்?
சேற்றுக்குள் ஓர் இறால் மீசை அசைத்தால்
வாளுக்குத் தெரிந்துவிடும்.
மத்திக் கூட்டத்துக்குள் புகுந்தால்
இடம் ஒரு வீச்சு, வலம் ஒரு வீச்சு.

"குட்டி போடும்போது அம்மாவைக் குத்தாதா?"
கேட்டது ஆஸ்லின்.
அவள் அம்மாவுக்கு இது எட்டாம் மாதம்.
குத்தாது. குட்டியின் வாளுக்கு
மெத்தென்று ஓர் உறை போட்டுத்தான் அனுப்பும் வயிறு.
வெளியே வந்த சில நாளில்
உறை தானே கழன்றுவிடும்.
அவள் தலையாட்டினாள்,
வீட்டில் சொல்ல ஒரு சேதி கிடைத்ததுபோல.

வலைதான் பொல்லாதது.
பாறையைச் சுற்றிப் போகத் தெரிந்ததற்கு
நைலானைச் சுற்றிப் போகத் தெரியாது.
ஒரு பல் மாட்டினால் போதும்,
உதற உதற முப்பத்தாறும் மாட்டும்.
கோயிலில் அந்தோணியார் பக்கத்துச் சுவரில்
நேர்ச்சையாக ஒன்று தொங்குகிறதே...
"அதுவா? அது மரமில்லையா?"
இல்லை.

ஹார்ன். ஸ்டெலஸின் ஆட்டோ.
பிள்ளைகள் நகரவில்லை.
இறங்கினார், பார்த்தார், பிடரியைச் சொறிந்தார்.
பிறகு வண்டியை மணலில் இறக்கி
முக்கி முனகி
வாள் நுனியைச் சுற்றிக்கொண்டு ஏறினார்.
பின்சீட்டில் மீன்கூடைமேல் கையூன்றியபடி
சூசன்னா கேட்டாள்:
"இதுக்கு என்ன விலை?"
விற்கக்கூடாது, சட்டம் இருக்கிறது என்றேன்.
"படத்தக்கூடவா?"

அபின்தான் கடைசியில் கேட்டான்:
"மிஸ் இத ஜீவனோட கண்டிட்டுண்டோ?"

பதினொரு வருடம்.
விழிஞ்ஞம், வள்ளவிளை, குளச்சல்,
விடியும் முன்பே ஏலக்கூடத்தில்
குறிப்பேட்டோடு நிற்பேன்.
சுறா எண்ணினேன், உழுவை எண்ணினேன், திருக்கை எண்ணினேன்.
வேளா என்று போட்ட கட்டத்தில் மட்டும்
பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யம்,
மணிமாலைபோல ஒரு பக்கம் முழுக்க.

"இல்லை" என்றேன்.

யாரும் எதுவும் பேசவில்லை.
ஒரு காகம் செவுள்பக்கம் நடந்துபோயிற்று.
"அப்ப கண்ணு வைக்க மறந்தது அதனாலயா?"
என்றாள் பெர்லின்.
அப்போதுதான் பார்த்தேன்.
டப்பாவில் தூள்தான் மிச்சம்.
அதை எச்சில் தொட்டுக் குழைத்து
அவளே வைத்தாள் இரண்டு கண்,
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

மூன்று மணி பஸ்ஸுக்கு முன்னால் ஐஸ் லாரி வந்தது.
அது யாருக்கும் ஒதுங்குகிற வண்டி இல்லை.
வாலின் வெள்ளை டயரில் ஒட்டிச் சுழன்று
மார்த்தாண்டன்துறைப் பக்கம் போயிற்று.

பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
யாரோ செங்கல் துண்டு கொண்டுவந்திருந்தார்கள்.
வாலை மறுபடி போடுகிறார்கள்,
சிவப்பாக,
முன்னைவிட நாலு எட்டு நீளமாக.